பழைய பாணி விண்வெளி ஷூட்டர்: புதியவர் ஒரு கேமை எப்படி எடைபோடலாம்

கறுப்புத் திரை, நட்சத்திரப் புள்ளிகள், கீழே ஒரு குட்டிக் கப்பல், மேலிருந்து இறங்கும் பூச்சிக் கூட்டம். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால் எல்லா ரெட்ரோ விண்வெளி ஷூட்டரும் ஒன்றுபோலவே தெரியும். ட்ரெய்லரும் உதவாது. அதில் வெடிப்பைத்தான் காட்டுவார்கள், வெடிப்பதில் எந்த கேமும் குறை வைப்பதில்லை. இந்த வகையின் நல்லது கெட்டது கைக்குத்தான் தெரியும், அதுவும் நாம் சாகிற இடத்தில்தான் சரியாகத் தெரியும். நன்றாகச் செய்த கேமில் செத்தவுடன் "சே, அதைக் கவனிக்காமல் விட்டேனே" என்று தோன்றும். மோசமான கேமில் "எது பட்டது?" என்று திரையைத் தேடிக்கொண்டிருப்போம். கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான். டெமோ இருந்தால் டெமோவில் பாருங்கள். இல்லையென்றால் வாங்கிவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்கும் அவகாசம் முடிவதற்குள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில், எந்தக் குடும்பம் என்று பாருங்கள்

ரெட்ரோ ஷூட்டர் என்ற பெயருக்குள் நாலைந்து தனித்தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றின் பலம் இன்னொன்றில் குறையாகத் தெரியும்.

அணிவகுத்து நிற்கும் எதிரிகளைக் கீழே நின்று சுடுவது 1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸின் வழி. 1981இல் வந்த நாம்கோவின் கலாகா அதன் வாரிசு. திரை முழுக்க மிதந்து, உந்தித் தள்ளிப் பறப்பது 1979இன் ஆஸ்டராய்ட்ஸ் வழி. பின்னணி நகர்ந்துகொண்டே இருக்க, வழியில் ஆயுதம் சேர்த்துக்கொண்டு போவது கிரேடியஸ், ஆர்-டைப் வழி. முதலாவது 1985, அடுத்தது 1987. ஒரு கையால் நகர்ந்து மறு கையால் எந்தத் திசையிலும் சுடும் இரட்டை ஸ்டிக் ஆட்டம் 1982இன் ரோபோட்ரான் 2084இலிருந்து வருகிறது. ஜியாமெட்ரி வார்ஸ் அதை மறுபடி பிரபலமாக்கியது. கடைசியாக, திரையை நிறைக்கும் தோட்டா மழைக்குள் புகுந்து வருவது. இதற்கு புல்லட் ஹெல் என்று பெயர். 1990களில் டோப்லான், கேவ் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் வளர்த்தெடுத்த வகை இது.

இதைப் பார்க்காமல் ஆரம்பித்தால் தப்புத் தப்பாகக் குறை சொல்வோம். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒரு நேரத்தில் உங்கள் தோட்டா ஒன்றுதான் திரையில் இருக்கும். குறி தவறினால் அது மேலே போய்ச் சேரும்வரை அடுத்ததைச் சுட முடியாது. புல்லட் ஹெல் ஆடிப் பழகியவருக்கு இது பலவீனமான துப்பாக்கி. ஆனால் அந்த ஆட்டமே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. கண்டபடி சுட்டால் தண்டனை, அளந்து சுட்டால் பரிசு. அதேபோல ஆஸ்டராய்ட்ஸ் வழியில் வந்த கேமில் கப்பல் வழுக்கிக்கொண்டு போவது வடிவமைப்பு. கலாகா வழியில் வந்த கேமில் கப்பல் வழுக்கினால் அது பிழை.

குறை சொல்லும் முன் டிவியைச் சரி செய்யுங்கள்

இந்த கேம்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனிப் படங்கள் ஓடுகின்றன. ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று மூன்று ஃப்ரேம் எடுத்துக்கொண்டால் 50 மில்லிநொடி போய்விடும். கதை சொல்லும் கேமில் இது தெரியவே தெரியாது. இங்கே அந்த இடைவெளியில்தான் நீங்கள் சாவீர்கள். அதனால் டிவியில் இந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோட் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முடிந்தால் ஒயர் உள்ள கண்ட்ரோலர் நல்லது.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. திசைப் பட்டனை ஒரே ஒரு முறை லேசாகத் தட்டிவிட்டு விடுங்கள். வழுக்குவதே வடிவமைப்பான ஆஸ்டராய்ட்ஸ் வழி கேம் தவிர மற்றவற்றில் கப்பல் ஒரு அடி வைத்து நின்றுவிட வேண்டும். தட்டியதற்கும் நகர்ந்ததற்கும் நடுவில் ஒரு மந்தம் தெரிந்தாலோ, விட்ட பிறகும் கொஞ்சம் நகர்ந்தாலோ, டிவி அமைப்பை இன்னொரு தடவை பார்க்கவும். அதன் பிறகும் அப்படியே இருந்தால் தாமதம் கேமுக்குள்ளேதான் இருக்கிறது. இந்த வகையில் அதைவிடப் பெரிய குறை கிடையாது. மற்ற எல்லாம் பிரமாதமாக இருந்தாலும் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

இரட்டை ஸ்டிக் கேம் தவிர மற்றவற்றுக்கு, கட்டைவிரல் ஸ்டிக்கைவிட சிலுவை வடிவ திசைப் பட்டன் தோதாக இருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்தாலே தொடர்ந்து சுடும் ஆட்டோஃபயர் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பட்டனைத் தட்டித் தட்டி விரல் வலிப்பதில் எந்தத் திறமையும் இல்லை.

முதல் ஆட்டத்தில் சுடாதீர்கள்

விளையாட்டாகச் சொல்லவில்லை. முதல் கிரெடிட்டில் (ஒரு முறை காசு போட்டால் கிடைக்கும் ஒரு முழு ஆட்டம்) சுடும் பட்டனைத் தொடாமல், வருவதையெல்லாம் விலகி விலகிப் போங்கள். சீக்கிரமே சாவீர்கள், பரவாயில்லை. சுடும் வேலை இல்லாதபோது கண்ணுக்குப் பல விஷயம் தெரியும்: கப்பலின் வேகம், எதிரி சுடுவதற்கு முன் ஏதாவது சைகை காட்டுகிறானா, திரையின் ஓரத்திலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் வருகிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டா கண்ணுக்குத் தெரிகிறதா.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் இன்றைய ரெட்ரோ கேம்கள் அதிகம் சறுக்குகின்றன. பழைய மெஷின்களில் பின்னணி கறுப்பாக இருந்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டும் இல்லை. அதற்கு மேல் வரைய மெஷினுக்குத் தெம்பு கிடையாது. அதனாலேயே தோட்டா பளிச்சென்று தெரிந்தது. இன்றைக்குத் தெம்புக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு எதிரியும் நூறு துகளாகச் சிதறுகிறான், திரை அதிர்கிறது, நியான் ஒளி பரவுகிறது, அதற்கு மேல் பழைய டியூப் டிவி மாதிரி கோடு போடும் ஃபில்டர் வேறு. பழைய கேமுக்கு இல்லாத நோயைப் பழைய கேமின் பெயரால் புதிதாக வரவழைத்துக்கொள்கிறார்கள்.

சோதிப்பது சுலபம். கூட்டம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்தும் பட்டனை அழுத்தித் திரையை நிறுத்துங்கள். மெனு திரையை மறைத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கொல்லக்கூடியவை எவை, பொறுக்கிக்கொள்ள வேண்டியவை எவை, வெறும் அலங்காரம் எவை என்று அந்த நின்ற படத்தில் பிரித்துச் சொல்ல முடிகிறதா? நின்ற படத்திலேயே முடியவில்லை என்றால் ஓடும் படத்தில் எப்படி முடியும்? எதிரித் தோட்டாவும் போனஸ் நாணயமும் ஒரே மஞ்சளில் மின்னும் கேம்கள் நிஜமாகவே இருக்கின்றன. கேவ் நிறுவனத்தின் கேம்களில் எதிரித் தோட்டா பெரும்பாலும் அடர் இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் வருவதை ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் அந்த நிறம் வேறெதற்கும் குழம்பாது.

திரை அதிர்வு, ஃபில்டர், துகள் அளவு இவற்றைக் குறைக்க அமைப்புகளில் வழி இருந்தால் குறை பாதி தீர்ந்தது. பளிச்சிடும் ஒளியைக் குறைக்கும் வசதியும், நிறக்குருடு உள்ளவர்களுக்கான நிறத்தேர்வும் இருக்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ஒளிச் சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்கள் இந்த வகை கேமை அந்த வசதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

அடுத்து ஹிட்பாக்ஸ். அதாவது கப்பலில் எந்த இடத்தில் பட்டால் சாவு என்பது. அணிவகுப்பு வகையில் கிட்டத்தட்டக் கப்பல் முழுவதுமே ஹிட்பாக்ஸ். புல்லட் ஹெல்லில் கப்பலின் நடுவே சில பிக்சல் மட்டும்தான். இறக்கையைத் தோட்டா துளைத்துக்கொண்டு போனாலும் ஒன்றும் ஆகாது. இரண்டும் சரிதான். திரையை நிறைத்துத் தோட்டா விட்டுவிட்டுக் கப்பல் முழுவதையும் ஹிட்பாக்ஸ் ஆக்கினால்தான் அநியாயம். பல கேம்களில் மெதுவாக நகரும் பட்டனை அழுத்தினால் அந்த நடுப்புள்ளி ஒளிரும். அது இருந்தால் செய்தவருக்கு விஷயம் தெரியும் என்று நம்பலாம்.

வேண்டுமென்றே ஒரு முறை சாகுங்கள்

இப்போது ஒழுங்காக ஆடுங்கள். மூன்றாவது ஸ்டேஜ் வரை போய், கையில் நல்ல ஆயுதம் சேர்ந்த பிறகு, தெரிந்தே ஒரு உயிரை விடுங்கள். அடுத்த இரண்டு நிமிடம் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் பரிசோதனையில் எனக்கு முக்கியமான பகுதி.

கிரேடியஸில் ஒரு அடி பட்டால் சேர்த்த வேகம், லேசர், துணைக் கப்பல்கள் எல்லாம் போய், கொஞ்சம் பின்னால் ஒரு இடத்திலிருந்து வெறுங்கையோடு தொடங்க வேண்டும். ஆயுதம் நிறைந்த கப்பலுக்கு ஏற்றபடி அமைத்த இடத்தை, ஆமை வேகக் கப்பலோடு கடக்க வேண்டும். ஒரு தப்பு செய்தவருக்கு அடுத்த தப்பு நிச்சயம். மூன்று உயிர் இருந்தாலும் நடைமுறையில் ஒன்றுதான். ஆர்-டைப்பிலும் இதே கதை. அந்த இடங்களை வெறுங்கையோடு மீட்டெடுப்பதே தனிக் கலை என்று ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் புதிதாக வருகிறவர் அங்கேதான் கண்ட்ரோலரைக் கீழே வைக்கிறார்.

நல்ல புதிய கேம்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. சாகும்போது ஆயுதத்தில் ஒரு படி மட்டும் இறங்கும், அல்லது இழந்ததில் கொஞ்சம் திரையில் மிதந்து வரும், ஓடிப் பிடித்துக்கொள்ளலாம். வேறு சிலவற்றில் புதுக் கப்பலோடு, ஆபத்தில் போட வைத்திருக்கும் பாம்களும் (வெடிகுண்டு) நிரப்பித் தருவார்கள். இவற்றில் ஒன்றும் இல்லாமல், "அந்தக் காலத்து கஷ்டம்" என்று பெருமையாக விளம்பரத்தில் மட்டும் போட்டிருந்தால் யோசியுங்கள்.

உயிரை வைத்து எவ்வளவு அழகாக விளையாட முடியும் என்பதற்கு கலாகாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மேல் வரிசைத் தலைவன் பூச்சி பாதி வழி இறங்கி வந்து ஒரு ஒளிக்கற்றையை விரிக்கும். நீங்கள் அதில் மாட்டினால் கப்பல் சுழன்றுகொண்டே மேலே போய், நிறம் சிவப்பாக மாறி, அதன் பின்னால் கைதியாக நிற்கும். ஒரு உயிர் போச்சு. ஆனால் அந்தத் தலைவன் கைதியையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து வரும்போது தலைவனை மட்டும் சுட்டால், கைதி இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இரட்டைக் கப்பல், இரட்டைத் தோட்டா. அவசரத்தில் கைதியையே சுட்டால் அதுவும் போயே போச்சு. சரி, இரட்டைக் கப்பல் கிடைத்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. அகலம் இரண்டு மடங்கு, அடி படும் இடமும் இரண்டு மடங்கு. கடைசி உயிரில் மாட்டிக்கொண்டால் ஆட்டமே முடிந்தது. ஒரே விதியில் ஆசை, பயம், கணக்கு மூன்றும் இருக்கிறது. நீங்கள் பரிசோதிக்கும் கேமில் இப்படி யோசிக்க வைக்கும் ஒரு விதியாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்த ஆட்டம் ஸ்கோருக்காக

உயிர் பிழைப்பதை மறந்துவிட்டு, ஒரு கிரெடிட் முழுக்க ஸ்கோர் மட்டும் குறியாக ஆடிப் பாருங்கள். ஆடும் விதம் மாறுகிறதா? மாறவில்லை என்றால் அந்த ஸ்கோர் வெறும் கொலைக் கணக்கு.

மறுபடி கலாகாதான். தலைவன் அணியில் சும்மா நிற்கும்போது சுட்டால் 150. தனியாகப் பாயும்போது சுட்டால் 400. ஒரு காவலனோடு வந்தால் 800, இரண்டு காவலர்களோடு வந்தால் 1600. ஆபத்து கூடக் கூட விலை கூடுகிறது. சுடக்கூடிய வாய்ப்பு கையில் இருக்கும்போதே விரலைக் கட்டிப்போட்டுக் காத்திருக்க வைக்கிறது இந்தக் கணக்கு. பயந்தவரும் துணிந்தவரும் ஒரே ஸ்டேஜை வேறு வேறு மாதிரி ஆடுவார்கள். பத்து நிமிடத்தில் முடியும் ஒரு கேமை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆட வைப்பது இதுதான்.

கஷ்டம் எங்கிருந்து வருகிறது

ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள். குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகம் பிடிப்பார்கள். வரைய வேண்டியது குறைந்ததால் ப்ராசஸர் வேகமாக ஓடியது. அதைக் கண்ட வடிவமைப்பாளர் டொமொஹிரோ நிஷிகாடோ மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார். பின்னால் ஒலிக்கும் நான்கு சுரமும் கூடவே வேகமெடுக்கும். நீங்கள் ஜெயிப்பதாலேயே ஆட்டம் கடினமாகிறது. கஷ்டம் இப்படி ஆட்டத்துக்குள்ளிருந்து வர வேண்டும்.

சோம்பேறித்தனமான வழி வேறொன்று உண்டு. முதல் ஸ்டேஜில் இரண்டு அடியில் சாகும் பூச்சி, நாலாவது ஸ்டேஜில் நிறம் மாற்றிக்கொண்டு வந்து பத்து அடி வாங்கும். நகர்வும் அதே, சுடும் விதமும் அதே. இது கஷ்டம் இல்லை, நேரத்தை இழுப்பது. ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸுடன் நடக்கும் சண்டை ஒன்றை மனதில் எண்ணிப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே தோட்டா வடிவத்தையே சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தால் அதே வியாதிதான்.

சமீபகாலத்தில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காசு சேர்த்துக் கப்பலை நிரந்தரமாக மேம்படுத்தும் முறை. புதியவருக்கு இது ஆறுதலாகத் தோன்றும். ஆனால் பத்தாவது ஆட்டத்தில் நீங்கள் மேலே போனது கை தேறியதாலா, கப்பல் பெருத்ததாலா என்று தெரியாது. மேம்பாடு எதுவும் வாங்காமல் முதல் இரண்டு ஸ்டேஜைக் கடக்க முடிகிறதா என்று ஆடிப் பாருங்கள். முடிந்தால் சரி.

"அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது" என்று சிலர் குறைப்படுவதைப் படிப்பீர்கள். உயிரெல்லாம் போன பிறகும் கன்டின்யூ போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்துகொண்டே போனால், முடிவுள்ள எந்த ஆர்கேட் கேமும் சீக்கிரம் முடியத்தான் செய்யும். ஒரே கிரெடிட்டில் முடிப்பதுதான் இங்கே முடிப்பது. நீளத்தை வைத்து இந்த வகையை அளக்காதீர்கள்.

கதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அகலத் திரையில் செங்குத்து கேம் ஆடும்போது இரண்டு பக்கமும் காலியாக இருப்பதும் குறை இல்லை. பழைய மெஷின்களில் மானிட்டரே நெட்டுக்குத்தாக இருந்தது. அந்தக் காலி இடத்தை நிரப்ப ஆட்டத்தையே அகலமாக இழுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கை தேறாமல் கேமைத் திட்டாதீர்கள்

சில குறைகள் கேமுடையவை அல்ல. நான்கு பழக்கம் வந்தால் தானாகப் போய்விடும்.

பார்வையைக் கப்பல் மேல் வைக்காமல், அதற்குச் சற்று மேலே வையுங்கள். கப்பல் எங்கே இருக்கிறது என்பது ஓரக்கண்ணுக்கே தெரியும்.

எதிரித் தோட்டா உங்களைக் குறிவைத்து வருகிறதா, யார் எங்கே நின்றாலும் ஒரே வடிவத்தில் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். குறிவைத்து வருவது, சுட்ட நொடியில் நீங்கள் இருந்த இடத்துக்குத்தான் வரும். அதனால் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒரு பக்கமாகச் சின்னச் சின்ன அடியாக நகர்ந்துகொண்டே இருந்தால் தோட்டாக்கள் எல்லாம் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும். சுவரை நெருங்கியதும் ஒரு பெரிய அடி வைத்து இடைவெளி உண்டாக்கி, அதன் வழியே திரும்புங்கள். நிலையான வடிவத்துக்கு இது நேர்மாறு. அங்கே எவ்வளவு குறைவாக நகர்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

மூலையில் ஒதுங்காதீர்கள். தப்பிக்க ஒரே பக்கம்தான் மிஞ்சும். அப்புறம் பாம். மூன்று பாம் மிச்சம் வைத்துக்கொண்டு செத்தால் அது சிக்கனம் ஆகாது. பயம் வந்த நொடியில் போட்டுவிடுங்கள்.

ஸ்டேஜைத் தனியாக எடுத்துப் பயிற்சி செய்யும் வசதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐந்தாவது ஸ்டேஜ் பாஸிடம் பத்து நொடி பழகுவதற்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து இருபது நிமிடம் ஆட வைக்கும் கேம், நம் நேரத்தை மதிக்கவில்லை.

கடைசியாக, முதலிடத்துக்காரரின் ரீப்ளே

ஸ்கோர் பட்டியலோடு ரீப்ளே, அதாவது மற்றவர் ஆடிய ஆட்டத்தின் பதிவு, பார்க்கும் வசதியும் இருந்தால் முதல் இடத்தில் இருப்பவர் எப்படி ஆடுகிறார் என்று ஐந்து நிமிடம் பாருங்கள். ஓட்டை எந்த கேமிலும் இருக்கும். ஆஸ்டராய்ட்ஸில் ஒரே ஒரு பாறையை மிச்சம் வைத்துவிட்டு, 1000 புள்ளி தரும் சின்னப் பறக்கும் தட்டை மட்டும் வேட்டையாடி ஸ்கோர் ஏற்றினார்கள். கலாகாவில் முதல் ஸ்டேஜில் இடது ஓரத்துப் பூச்சிகளை மட்டும் கொல்லாமல் விட்டு, கால் மணி நேரம் போலப் பொறுத்தால் எதிரிகள் சுடுவதையே நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பொறுமையும் முன்கூட்டியே விஷயம் தெரிந்திருப்பதும் வேண்டும். யதார்த்தமாக ஆடுகிறவர் கண்ணில் அது படவே படாது. நீங்கள் பார்க்கும் ரீப்ளேயில் முதலிடத்துக்காரர் நீங்கள் ஆடும் அதே ஆட்டத்தை இன்னும் துணிச்சலாக, இன்னும் நெருக்கமாக ஆடினால் கேமை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் நின்று பட்டனை அழுத்திப் பிடித்தபடி நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்க இன்னும் அவகாசம் இருக்கும்.